ஜப்பான் எம்.பி.க்களுக்கும் யூனிபிகேஷன் சர்ச்சுக்கும் என்னதான் கொடுக்கல் வாங்கல்?

மின்தேக்கி (இழையைத் தொடங்கியவர்)

வேலை விஷயமாக வாரத்துக்கு இரண்டு நாள் ஒசாகாவிலிருந்து நாரா பக்கம் போகிறேன். யமாதோ சைதாய்ஜி ஸ்டேஷனில் வண்டி மாற வேண்டும். நேரம் இருந்தால் வடக்கு வாசலில் இறங்கி காபி குடிப்பேன். 2022 ஜூலை 8 காலை பதினொன்றரை மணிக்கு முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே நின்று பேசிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அங்கேதான். இப்போது அதன்மேல் ரோடு போட்டுவிட்டார்கள். கல்வெட்டு, பலகை எதுவும் வேண்டாம் என்று நகராட்சி முடிவு செய்துவிட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு பூப்பாத்தி இருக்கிறது, அவ்வளவுதான். விஷயம் தெரியாதவன் பஸ்ஸுக்கு நின்றுவிட்டுப் போய்விடுவான்.

2025 அக்டோபர் 28ம் தேதி நாரா நீதிமன்றத்தில் அந்தக் கொலை வழக்கு தொடங்கியது. சுட்டது நான்தான் என்று யாமகாமி முதல் நாளே ஒத்துக்கொண்டார். அதிலிருந்து ஆபீஸில் மறுபடி இதே பேச்சு. அவருடைய அம்மா யூனிபிகேஷன் சர்ச் என்ற கொரிய மத அமைப்பில் சேர்ந்து, கணவர் இறந்ததற்கு வந்த இன்ஷூரன்ஸ் பணம், தன் அப்பாவின் நிலம் எல்லாம் சேர்த்துச் சுமார் 10 கோடி யென் கொடுத்துவிட்டு 2002ல் திவாலானவர். இதுவரை எல்லாருக்கும் தெரியும். எனக்குப் புரியாதது வேறு. கொலைக்குப் பிறகு ஆளும் லிபரல் டெமாக்ரடிக் கட்சி தன் எம்.பி.க்களைத் தானே விசாரித்து 2022 செப்டம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. 379 பேரில் 179 பேருக்கு அந்தச் சர்ச்சோடு ஏதோ ஒரு தொடர்பு. கிட்டத்தட்டப் பாதி!

கொரியாவில் பிறந்த ஒரு சிறிய மத அமைப்பு, ஜப்பானின் ஆளுங்கட்சிக்குள் இவ்வளவு தூரம் எப்படிப் போனது? சதிக்கதை வேண்டாம். வழி என்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையபேப்பர்

கதை அபேயிடம் தொடங்கவில்லை, அவருடைய தாத்தாவிடம் தொடங்குகிறது.

சன் மியுங் மூன் 1954ல் சோலில் சர்ச்சை ஆரம்பித்தார். 1964ல் ஜப்பானில் மத அமைப்பாகப் பதிவானது. அபேயின் அம்மா வழித் தாத்தா நோபுசுகே கிஷி அப்போது முன்னாள் பிரதமர். 1960ல் அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததற்கு நாடாளுமன்றத்தைச் சுற்றி லட்சக்கணக்கானவர்கள் திரண்டார்கள், பதவி போனது. தெருவில் நிற்கும் மாணவன், தொழிற்சங்கக்காரன் எல்லாம் இடதுசாரி. தெருவில் இறங்கி நிற்க வலதுசாரிகளிடம் இளைஞர்களே இல்லை. அந்த நேரம் பார்த்து விடியற்காலையில் எழுந்து, கம்யூனிஸ்ட் எதிர்ப்புப் பதாகை பிடித்து, சம்பளமும் கேட்காத பையன்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். பக்கத்து வீடு என்பது உவமை இல்லை. ஷிபுயாவின் நான்பெய்தாய் பகுதியில் கிஷி வீட்டை ஒட்டித்தான் கொஞ்ச காலம் சர்ச்சின் தலைமையகம் இருந்தது. 1968ல் மூன் கம்யூனிச ஒழிப்பு அமைப்பைத் தொடங்கியபோது கிஷியும் வலதுசாரிக் கோடீஸ்வரர் ரியோஇச்சி சசகாவாவும் பின்னால் நின்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மூனின் போதனையில் கொரியா ஆதாம் நாடு, ஜப்பான் ஏவாள் நாடு. கொரியாவை ஆண்ட பாவத்துக்கு ஜப்பான் பணத்தால் பரிகாரம் செய்யவேண்டும். ஜப்பானின் தேசபக்தி வியாபாரிகள் ஐம்பது வருஷம் கைகுலுக்கியது இந்தப் போதனையோடுதான். படித்திருந்தால் ரத்தம் கொதித்திருக்கும். யாரும் படிக்கவில்லை.

இன்னொன்று. மூன் அமெரிக்காவில் வரி ஏய்ப்புக்காக 13 மாதம் உள்ளே இருந்தவர். ஜப்பானியச் சட்டப்படி நாட்டுக்குள்ளேயே விடக்கூடாது. 1992ல் ஷின் கனேமாரு சொல்லி விட்டார்கள். அவர் அப்போது ஆளுங்கட்சியின் துணைத்தலைவர்.

---

சந்தேகராமன்

வரலாறு நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் எடை போட்டுப் பாருங்கள். அந்தச் சர்ச்சிடம் ஜப்பான் முழுக்க எத்தனை வாக்கு தேறும்? லட்சத்தைத் தொடாது என்பதுதான் பத்திரிகைகளின் பொதுவான மதிப்பீடு. சோகா கக்காய் என்ற பௌத்த அமைப்பின் கட்சி கோமெய்தோ. நல்ல தேர்தலில் 70, 80 லட்சம் வாக்கு வாங்கியது. 1999 முதல் 2025 அக்டோபர் வரை, எதிர்க்கட்சியாக இருந்த 2009-12 தவிர, ஆட்சியில் பங்காளியாகவே இருந்தது. ஷிந்தோ கோயில்களின் அரசியல் அமைப்பு 1969 முதல் இருக்கிறது, நிப்போன் காய்கி என்ற வலதுசாரி அமைப்பு இருக்கிறது. அரசியல் சட்டத்தைத் திருத்து, குடும்பத்தைக் காப்பாற்று, தம்பதிக்குத் தனித்தனிக் குடும்பப்பெயர் கூடாது என்று இவர்கள் எல்லாருமே சொல்கிறார்கள். சர்ச் இல்லாவிட்டாலும் அந்தக் கட்சி அதையேதான் சொல்லியிருக்கும்.

179 என்கிறீர்கள். அதில் பெரும்பகுதி வாழ்த்துத் தந்தி அனுப்பியவன், கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசியவன். அரசியல்வாதி கல்யாணத்துக்கும் போவான், கருமாதிக்கும் போவான். அதே கணக்கில் தேர்தல் வேலைக்கு ஆள் வாங்கினேன் என்று ஒத்துக்கொண்டவர்கள் 17 பேர். அமைப்பாகவே ஆதரவு வாங்கினேன் என்றவர்கள் 2 பேர். இரண்டே பேர்! இதற்குப் பெயர் ரகசிய ஆதிக்கமா?

கொரியாக்காரன் சர்ச் என்பதால் அடிக்க வசதியாக இருக்கிறது என்ற கோணத்தையும் யோசியுங்கள்.

---

சும்மா_படிப்பவன்

இரண்டு பேராவது உண்மை சொன்னார்களே!

---

மீனா_சைதாமா

ராமன் சார், வாக்குக் கணக்கு சரி. ஆனால் நீங்கள் ஜப்பானில் ஒரு தேர்தல் ஆபீஸுக்குள் போயிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நான் போயிருக்கிறேன்.

2019ல் என் மகளோடு படிக்கும் பெண்ணின் அம்மா நகரசபைக்கு நின்றார். கட்சி கிடையாது, சுயேச்சை. வெளிநாட்டுக்காரர்கள் நன்கொடை கொடுக்கக்கூடாது, சம்பளம் வாங்காமல் உதவலாம் என்றார்கள். நான்கு நாள் போனேன். என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? ஒட்டுகிற வேலை.

இந்த ஊரில் வேட்பாளர் இஷ்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க முடியாது. அந்தத் தேர்தலுக்கு 4,000தான் அனுமதி. ஒவ்வொன்றிலும் தேர்தல் கமிஷன் தரும் ஒரு ஸ்டிக்கர் இருக்கவேண்டும், ஷோஷி என்பார்கள், தபால்தலை அளவு. வேட்புமனு கொடுத்த அன்று காலையில்தான் அதைக் கையில் தருவார்கள். பிரசாரமே ஏழு நாள்தான். ஆக அன்றைக்கே உட்கார்ந்து ஒட்டியாக வேண்டும். மடக்கு மேசை, ஈர ஸ்பாஞ்ச், கட்டுக்கட்டாகத் தாள். மதியத்துக்குள் எனக்குக் கட்டைவிரல் மரத்துவிட்டது. எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சே இல்லை. நான் ஒன்று ஒட்டும் நேரத்தில் அவர்கள் மூன்று ஒட்டினார்கள். டீயும் அரிசி பிஸ்கட்டும் மட்டும்தான் கொடுத்தார்கள், சட்டம் எண்ணி அனுமதித்த சில பெட்டிச் சாப்பாட்டைத் தாண்டிப் போட்டால் அது குற்றம்.

நகரசபைக்கே இது. கீழவைத் தொகுதிக்கு 70,000 நோட்டீஸ், எல்லாவற்றிலும் ஸ்டிக்கர். பிரசாரம் 12 நாள். வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பது இங்கே தடை. அதனால் எல்லாம் போனில்தான். போனில் வாக்குக் கேட்பவருக்குப் பணம் கொடுத்தால் அது லஞ்சம், வேட்பாளர் பதவியே போகும். இப்போது யோசியுங்கள். பணம் வாங்காத, அலுக்காத, திட்டினாலும் போனை வைத்துவிட்டு அடுத்த நம்பரைச் சுற்றுகிற இருபது பேர் அந்த ஆபீஸில் எவ்வளவு பெறுவார்கள்? பணமாகக் கொடுத்து வாங்கவே முடியாத பொருள் அது. சட்டமே அப்படி ஆக்கி வைத்திருக்கிறது.

---

மின்தேக்கி

மீனா, பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன், இந்த ஸ்டிக்கர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி.

---

பழையபேப்பர்

மீனா சொல்வதுதான் சாவி. தேர்தல் முடிந்த பிறகும் இது நிற்பதில்லை. ஜெயித்தவருக்குச் செயலாளர்கள் வேண்டும், அதற்கும் ஆள் தந்தார்கள் என்று எண்பதுகளிலிருந்தே செய்தி உண்டு.

வாக்கும் சும்மா இல்லை, ராமன். யோஷியுகி இனோவே, அபேயின் பழைய செயலாளர். மேலவைக்கு நாடு முழுக்க எண்ணும் விகிதாசாரப் பட்டியலில் 2019ல் நின்று சுமார் 88,000 வாக்கில் தோற்றார். 2022ல் அதே மனிதர் 1,65,000 வாங்கி ஜெயித்தார். அவர் அந்தச் சர்ச்சின் ஆதரவு உறுப்பினர் என்று அவர் ஆபீஸே பிறகு சொன்னது. நாட்டு மொத்தத்தில் லட்சத்துக்கும் குறைவு என்பது தூசுதான். ஒரே ஆளுக்குக் குவித்தால் அது ஒரு எம்.பி. பதவி.

அப்புறம் அந்தக் கையெழுத்துக் கதை. 2021, 2022 தேர்தல்களில் சர்ச்சைச் சார்ந்த அமைப்புகள் சில வேட்பாளர்களிடம் ஒரு தாளை நீட்டியிருக்கின்றன. அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும், குடும்பக் கல்விக்குச் சட்டம் வேண்டும், ஒருபாலினத் திருமணத்தில் நிதானம் வேண்டும், ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடு, ஆதரவு தருகிறோம் என்று. 2022 அக்டோபரில் ஆசாகி பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது.

---

சந்தேகராமன்

அது எல்லா ஊரிலும் எல்லாச் சங்கமும் செய்வதுதான். விவசாயிகள் சங்கம் தாள் நீட்டாதா? டாக்டர் சங்கம் நீட்டாதா? நீட்டிய கை சர்ச்சுடையது என்றால் மட்டும் ஏன் பதறுகிறோம்?

---

தேரிக்காட்டான்

எனக்கும் அதே உறுத்தல். நான் கிறிஸ்தவன், கோயிலுக்குப் போகிறவன். மூன் தன்னை மெசியா என்று சொன்னதால் மற்ற சபைகள் அவரைக் கிறிஸ்தவராகவே சேர்ப்பதில்லை, அது வேறு. ஆனால் குடும்பம், கருக்கலைப்பு, திருமணம் பற்றி ஒரு மதத்துக்கு ஒரு கருத்து இருக்கிறது, அதை வைத்து அரசியல் செய்கிறது. அது உரிமைதானே? பழமைவாதி என்பதற்காக அவன் பின்னால் எல்லாம் 'மறைகரம்' என்று எழுதுவது நியாயமா? 2025 மார்ச்சில் டோக்கியோ நீதிமன்றம் சர்ச்சைக் கலைக்க உத்தரவு போட்டது. முன்பு கலைத்தது ஓம் ஷின்ரிக்கியோவை, ரயிலில் விஷவாயு விட்டவர்கள். இன்னொன்று மோசடி வழக்கில் மாட்டிய அமைப்பு. இரண்டும் கிரிமினல் குற்றம். இங்கே சிவில் வழக்குகளை வைத்தே கலைக்கிறார்கள். நாளைக்கு வேறு சபைக்கும் இது வரலாம் இல்லையா?

---

மீனா_சைதாமா

அண்ணா, கலைப்பது என்றால் ஜெபம் பண்ணக்கூடாது என்று அர்த்தம் இல்லை. சட்டபூர்வ மத அமைப்பு என்ற தகுதியும் வரிச்சலுகையும் போகும், சொத்தை எண்ணிப் பார்ப்பார்கள். நம்பிக்கை இருப்பவர்கள் கூடலாம். நீதிமன்றம் கணக்கில் எடுத்தது குறைந்தது 1,500 பேருக்கு மேல், 2,040 கோடி யென். கருத்துக்காக இல்லை, காசு பிடுங்கிய விதத்துக்காக. உங்கள் முன்னோர்கள் நரகத்தில் துடிக்கிறார்கள், இந்த ஜாடியை வாங்கினால் விடுதலை என்று சொல்லி விற்றார்கள். பளிங்கு ஜாடி, சின்ன கோபுரம், முத்திரைக் கட்டை. இதற்கு 'ஆவி வியாபாரம்' என்று பெயர் வைத்து 1987லேயே வக்கீல்கள் ஒரு அணி அமைத்துவிட்டார்கள். 2021 வரை அவர்களுக்கும் நுகர்வோர் மையங்களுக்கும் வந்த புகார் 34,000க்கு மேல், தொகை 12,000 கோடி யென்னைத் தாண்டும்.

சிவில் சட்டம் போதுமா என்ற கேள்வி நியாயமானது. இங்கே சட்டம் படித்தவர்களே இரண்டு பக்கமும் பேசுகிறார்கள்.

---

பழையபேப்பர்

தேரிக்காட்டான், ராமன் இரண்டு பேருக்கும். விவசாயிகள் சங்கம் தாள் நீட்டினால் வெளியே வந்து எங்கள் வேட்பாளர் இவர் என்று சொல்லும். சோகா கக்காயும் சொல்லும், ஊருக்கே தெரியும். இங்கே நடந்தது என்ன? வரவேற்றது சமாதான சங்கம், பெண்கள் சங்கம், உள்ளூர்ப் பத்திரிகை, சைக்கிள் யாத்திரை. எல்லாவற்றுக்கும் வேறு வேறு பெயர். எனக்குத் தெரியாது, ஏதோ சமாதான சங்கம் என்று நினைத்தேன் என்று அத்தனை எம்.பி.யும் சொன்னார்கள். சிலர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், அதுதான் இதில் அழகு. தெரியாமல் இருப்பது இரண்டு தரப்புக்கும் வசதி.

பெயர் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 1997லேயே பெயரை மாற்றக் கேட்டார்கள். அதே அமைப்பு வேறு பெயரில் ஆள் பிடிக்கும் என்று கல்வித்துறை அதிகாரிகள் ஏற்கவில்லை. கிஹேய் மயேகாவா அப்போது அந்தப் பிரிவில் இருந்தவர், பிறகு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 2015ல் கொடுத்துவிட்டார்கள். 'குடும்பக் கூட்டமைப்பு' ஆனது. அமைச்சர் ஹகுபுன் ஷிமோமுரா, அபேக்கு நெருக்கமானவர். தான் எதிலும் தலையிடவில்லை என்கிறார்.

---

சந்தேகராமன்

சரி, பெயர் விஷயத்தில் பாயிண்ட் உங்களுக்கு. ஆனால் கொள்கையில் அந்தச் சர்ச் எதைச் சாதித்தது? ஒன்று சொல்லுங்கள். அரசியல் சட்டம் இன்றுவரை ஒரு எழுத்து மாறவில்லை.

---

மின்தேக்கி

இதைத்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். நான் கேள்வியைத் திருப்பிப் போட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது. சர்ச் எம்.பி.யிடமிருந்து என்ன வாங்கியது என்று கேட்கும்போது சட்டம், கொள்கை என்று தேடுகிறோம். அவர்களுக்கு உண்மையில் வேண்டியது நீங்கள் அலட்சியமாகச் சொன்ன அந்த வாழ்த்துத் தந்திதான்.

ஒரு குடும்பத்தைப் பாருங்கள். அம்மா நிலத்தை விற்கப் போகிறாள். பிள்ளைக்கோ கணவனுக்கோ சந்தேகம். அப்போது ஒரு வீடியோ. முன்னாள் பிரதமர் திரையில் வந்து மூனின் மனைவி ஹாக் ஜா ஹானுக்கு மரியாதை சொல்கிறார், குடும்ப விழுமியங்களுக்கு அந்த அமைப்பு தரும் முக்கியத்துவத்தைப் பாராட்டுகிறார். 2021 செப்டம்பரில் அபே நிஜமாகவே அதைச் செய்தார். அதே நிகழ்ச்சிக்கு டிரம்பும் வீடியோ அனுப்பினார். மோசடிக் கும்பல் என்றால் இவர்கள் வருவார்களா? அந்த வீட்டில் வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

எம்.பி.க்கு அது இரண்டு நிமிடம். சர்ச்சுக்கு அது சரக்கின் மேல் குத்துகிற ஐ.எஸ்.ஐ. முத்திரை. 12,000 கோடி யென்னுக்கு இது போதாதா? கைவேலை கொடுத்தார்கள், முத்திரை வாங்கினார்கள். கொள்கை எல்லாம் மேல்வரும்படி. மீனா சொன்ன வக்கீல்கள் அந்த வீடியோ வந்த மாதமே அபேக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், உங்கள் பெயர் இந்தக் குடும்பங்களை ஏமாற்றப் பயன்படுகிறது என்று. யாமகாமி முதலில் குறி வைத்தது ஹாக் ஜா ஹானைத்தான். நெருங்க முடியவில்லை. அந்த வீடியோவைப் பார்த்த பிறகு குறி மாறியது.

---

சும்மா_படிப்பவன்

அப்போ யாமகாமி செய்தது சரி என்கிறீர்களா? அவர் சுடாவிட்டால் மிரட்டி நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம், இந்தக் கலைப்புத் தீர்ப்பு எதுவும் வந்திருக்காதே.

---

மின்தேக்கி

இல்லை. வந்திருக்காது என்பது உண்மை, சரி என்பது பொய். 35 வருஷம் வக்கீல்கள் ஃபைல் ஃபைலாக அடுக்கியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு நாட்டுத் துப்பாக்கி வெடித்ததும் எல்லாரும் பார்த்தார்கள் என்றால் வெட்கப்பட வேண்டியது பார்க்காதவர்கள். அதற்காகச் சுட்டவனைத் தூக்கி வைக்க முடியாது.

---

நெறியாளர்

கொலையாளியைப் புகழ்ந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நம்மூர்ச் சாமியார்கள் பற்றிய ஏழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியாகிவிட்டது. அங்கே போய்ச் சண்டை போடவும்.

---

தேரிக்காட்டான்

மின்தேக்கி சொன்ன முத்திரை விஷயம் என்னை யோசிக்க வைத்தது. நான் கேட்டது மதம் அரசியலுக்குள் போகும் உரிமை பற்றி. இங்கே நடந்தது எதிர்த்திசை. அரசியல்வாதியின் முகத்தை மதத்துக்குள் கொண்டுபோய், தங்கள் விசுவாசிகளையே மிரட்டி வாங்க உபயோகித்திருக்கிறார்கள். விசுவாசிகள்தான் முதல் பலி.

கொரியாவில் என்ன ஆயிற்று? ஹாக் ஜா ஹானைக் கைது செய்தார்கள் என்று படித்தேன்.

---

பழையபேப்பர்

ஆமாம், 2025 செப்டம்பர் 23ல். அங்கே வழி வேறு, பச்சையாகக் கொடுப்பது. அப்போதைய அதிபரின் மனைவி கிம் கியோன் ஹீக்கு சனேல் பையும் வைர நெக்லஸும் போனது என்பதும், ஆளுங்கட்சி எம்.பி. க்வோன் சோங் தோங்குக்கு 10 கோடி வோன் போனது என்பதும் குற்றச்சாட்டு. முதலில் எல்லாரும் மறுத்தார்கள், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. பை போனது ஒரு பூசாரி வழியாக என்பது உபகதை.

ஜப்பானில் பை தேவைப்படவே இல்லை.

---

மீனா_சைதாமா

தேரி அண்ணா சொன்ன முதல் பலி பற்றி ஒன்று. 2022 அக்டோபர் 7, டோக்கியோ வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கத்தில் ஒரு இளம்பெண் பேட்டி கொடுத்தாள். பெற்றோர் இரண்டு பேரும் அந்தச் சர்ச். புனைபெயர்தான், ஆனால் முகத்தைக் காட்டினாள். பேட்டி நடந்துகொண்டிருக்கும்போதே சர்ச்சிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. உடனே நிறுத்துங்கள், அவளுக்கு மனநிலை சரியில்லை என்று. அடியில் அவளுடைய அம்மா அப்பா கையெழுத்து. அதை அந்த மேடையிலேயே அவள் எதிரில் வாசித்தார்கள். அழுதாள், நிறுத்தவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு இங்கே 'மத இரண்டாம் தலைமுறை' என்று பெயர். டிசம்பரில் நன்கொடைச் சட்டம் வந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு.

அந்த அக்டோபரிலேயே யமகிவா என்ற அமைச்சர் ராஜினாமா செய்தார். ஹாக் ஜா ஹானோடு எடுத்த போட்டோ வரும்வரை எதுவும் நினைவில்லை, நினைவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சில நாளிலேயே கட்சியில் கொரோனா குழுத் தலைவர் பதவி கிடைத்தது. ஞாபகமறதிக்குப் பரிசு.

---

சந்தேகராமன்

நான் முழுசாக மாறவில்லை. சோகா கக்காயும் ஷிந்தோ சங்கமும் அரசியலில் இதைவிடப் பல மடங்கு கனம், அவர்களைப் பற்றி இழை தொடங்க இங்கே ஆளில்லை என்பது இன்னமும் என் புகார். ஆனால் 17 என்ற எண்ணை நான் தப்பாகப் படித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். 179 பேரின் ஆபீஸில் யார் வந்து ஒட்டினார்கள் என்று அந்த எம்.பி.க்கே தெரிந்திருக்குமா என்று இப்போது சந்தேகம். கேட்டால்தானே தெரியும்.

மீனா, சும்மா கேட்கிறேன். உங்கள் எதிரே உட்கார்ந்து மூன்று மூன்றாக ஒட்டிய அந்த இரண்டு பெண்கள் யார்?

---

மீனா_சைதாமா

தெரியாது. பக்கத்து ஊர் என்றார்கள். வேட்பாளர் அவர்களுக்கு இரண்டு முறை தலை குனிந்து நன்றி சொன்னார், நான் டீ ஊற்றினேன். சாயங்காலம் 4,000மும் முடிந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை.